நெட் ஸ்லோ என்பது பதில் அல்ல

"நெட் ஸ்லோ சார், நாளைக்கு வாங்க."

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் பக்கத்தில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். வங்கியில் கேட்டிருப்பீர்கள், இ-சேவை மையத்தில் கேட்டிருப்பீர்கள், பென்ஷனுக்கு வாழ்வுச் சான்று கொடுக்கப் போன இடத்திலும் கேட்டிருப்பீர்கள். முன்பெல்லாம் "கரண்ட் இல்லை" என்பார்கள். அதையாவது மேலே ஃபேனைப் பார்த்துச் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளலாம். நெட் ஸ்லோ என்பதை நம்மால் சரிபார்க்க முடியாது. அதனால்தான் அது அவ்வளவு வசதியான பதிலாக இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் திறக்க நேரமாகிறது என்றால் அந்த நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்க முடியும். அளக்காமல் லைனைக் குறை சொல்வது சோம்பேறித்தனம். பல சமயம் குற்றம் நம் ஊர் லைனில் இல்லை. அந்தப் பக்கத்தைச் செய்தவர்கள் அதை நம் ஊரில் உட்கார்ந்து ஒருமுறைகூடத் திறந்து பார்க்காததுதான் குற்றம்.

டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பச்சைத் தோல் உள்ளே வந்தால் ஊறவைக்க வேண்டும். சுண்ணாம்பில் போட்டு முடியையும் சதையையும் நீக்க வேண்டும். டிரம்மில் பதனிட்டு, உலர்த்தி, அதற்கப்புறம்தான் ஃபினிஷிங். சரக்கு வெளியே வர நாலு நாள் தாமதம் என்றால் எந்த மேஸ்திரியும் "டேனரி ஸ்லோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார். தோல் எந்தக் கட்டத்தில் தேங்கி நிற்கிறது என்று நடந்துபோய்ப் பார்ப்பார். டிரம் பழுதாகி நிற்கும்போது உலர்த்தும் இடத்தைப் பெரிதாக்கி என்ன பயன்?

இணையப் பக்கத்துக்கும் இப்படிக் கட்டங்கள் உண்டு. முதலில், நாம் தட்டிய பெயருக்கு உரிய எண் என்ன என்று கேட்க வேண்டும். பழைய டெலிபோன் டைரக்டரி பார்ப்பது மாதிரி. அடுத்து, அந்த எண்ணில் உள்ள சர்வரோடு தொடர்பு ஏற்படுத்த வேண்டும். மூன்றாவது, சர்வர் நமக்கான பக்கத்தைத் தயார் செய்ய வேண்டும். நான்காவது, அது லைன் வழியாக நம்மிடம் வந்து சேர வேண்டும். கடைசியாக, நம் கம்ப்யூட்டரோ செல்போனோ அதைத் திரையில் வரைய வேண்டும். இந்த ஐந்தில் எது நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பழைய காலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. நான் ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் ஆவணப் பிரிவில் இருந்தபோது ஜெர்மனிக்கு டெலக்ஸ் அடிப்போம். எதிர்முனை இயந்திரம் தன் அடையாளக் குறியை அச்சடித்துக் காட்டும். ஆன்ஸர்பேக் என்போம். அது வந்துவிட்டால் லைன் சரியாக இருக்கிறது, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, இனி தாமதம் என்றால் அது ஜெர்மன்காரரின் தாமதம் என்று தெரிந்துவிடும். டிரங்க் காலில்கூட எக்ஸ்சேஞ்சில் இருக்கும் அம்மா "மெட்ராஸ் லைன் கிடைக்கலைங்க" என்று இடத்தைச் சொல்லிவிடுவார். இப்போது சுற்றும் வட்டம் எதையும் சொல்வதில்லை. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதற்குக் கருவி இல்லாமல் இல்லை. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் ஒரு சின்ன நிரலை எழுதினார். அதன் பெயர் பிங். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக் கணக்கிடுவார்களே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார். தூரத்தில் உள்ள கம்ப்யூட்டருக்கு ஒரு "ஹலோ" அனுப்பி, பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று சொல்லும். ஆயிரம் மில்லி செகண்ட் ஒரு செகண்ட். நாற்பது வருடம் கழித்தும் கோளாறு பார்ப்பவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

இங்கே தூரம் என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் பணத்தை வீணாக்குவது இதைப் பற்றிய தவறான எண்ணம்தான்.

கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி ஒரு செகண்டுக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். அமெரிக்காவின் கிழக்குக் கரை இங்கிருந்து ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். நேர்க்கோட்டில் கேபிள் போட்டிருந்தால்கூடப் போய்வர 135 மில்லி செகண்ட் ஆகும். கேபிள் கடலைச் சுற்றி வளைந்து, வழியில் பல நிலையங்களில் ஏறி இறங்கிப் போவதால் நடைமுறையில் 200 முதல் 250 வரை ஆகிறது. கண் சிமிட்டும் நேரம்தானே என்று தோன்றும். ஆனால் பாதுகாப்பான ஒரு தொடர்பு ஏற்பட்டுப் பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கே மூன்று நாலு தடவை போய்வர வேண்டும். ஏறக்குறைய ஒரு செகண்ட் அங்கேயே போய்விட்டது.

இந்தத் தூரத்தை எந்தப் பிளான் போட்டாலும் குறைக்க முடியாது. நமக்கு விற்கிற "100 எம்.பி.பி.எஸ்., 300 எம்.பி.பி.எஸ்." (சி.எம்.சி.யில் கொடுக்கிற எம்.பி.பி.எஸ். இல்லை, இது வேறு) என்பது சாலையின் அகலம். பெங்களூரு நெடுஞ்சாலையை நாலு வழியிலிருந்து எட்டு வழியாக்கினால் ஒரே நேரத்தில் நிறைய லாரி போகலாம். ஆம்பூருக்கும் சென்னைக்கும் இடையே உள்ள கிலோமீட்டர் குறையாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு விஷயம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு பாய், ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறார். எந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று வாங்குபவர்களும் மேற்பார்வையாளர்களும் பார்க்க ஒரு இணையப் பக்கம் செய்யச் சொல்லி, பெங்களூரில் உள்ள சில இளைஞர்களிடம் வேலையைக் கொடுத்தார். வேலை முடியும்வரை பார்த்துக்கொள்ள, வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு சோதனை சர்வரில் அதை வைத்தார்கள்.

ஆம்பூரிலிருந்து திறந்தால் ஆர்டர் பட்டியல் தெரிய 19 செகண்ட் ஆனது. அவர்களைக் கேட்டால் "எங்க ஆபீஸ்ல நல்லாத்தான் ஓடுது சார், உங்க லைனைப் பாருங்க" என்றார்கள். பாய் லைனை 100-லிருந்து 300 ஆக்கினார். அதே 19. "சர்வர் பத்தலை போல" என்றார்கள். சர்வர் வாடகையை இரண்டு மடங்காக்கினார். அப்போதும் 19. சீசன் சமயத்தில், ஜாப் ஒர்க் பணம் வந்து சேராத நேரத்தில், இரண்டு மாதம் இப்படிப் போனது.

என் தங்கை மகன் இந்தத் துறையில் இருக்கிறான். ஊருக்கு வந்திருந்தபோது பாய் கூப்பிட்டுக் காட்டினார். அவன் முதலில் எதையும் மாற்றவில்லை. பிரவுசரில் எஃப் 12 விசையை அழுத்தினான். ஒவ்வொரு கோப்புக்கும் எவ்வளவு நேரம், அதில் காத்திருந்தது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று பட்டை பட்டையாக வந்தது. பட்டியல் இறங்க ஆன நேரம் சொற்பம். காத்திருந்ததுதான் முழுக்க. பிறகு அதே சர்வரில் இரண்டு வரி மட்டும் உள்ள ஒரு வெற்றுப் பக்கத்தை வைத்துத் திறந்தான். ஒரு செகண்டுக்குள் வந்துவிட்டது.

"மாமா, லைன் நல்லா இருக்கு. சர்வரும் நல்லா இருக்கு. உள்ள இருக்கிற புரோகிராம் யாருக்காகவோ காத்துக்கிட்டு நிக்குது" என்றான்.

யாருக்காக? தகவல் எல்லாம் இந்தியாவில் இருக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்ததால் தகவல் கிடங்கை மட்டும் மும்பையில் வைத்துவிட்டு, புரோகிராமைத் தங்களுக்குப் பழக்கமான அமெரிக்க சர்வரிலேயே வைத்திருந்தார்கள். பட்டியலில் 40 ஆர்டர். முதலில் பட்டியலைக் கேட்க ஒரு கேள்வி. அப்புறம் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாங்குபவர் பெயருக்கு ஒரு கேள்வி, அனுப்பும் தேதிக்கு ஒரு கேள்வி. ஆக 81 கேள்விகள், ஒன்றுக்குப் பதில் வந்த பிறகே அடுத்தது. ஒரு கேள்வி மும்பை போய் அமெரிக்கா திரும்ப 220 மில்லி செகண்ட். பெருக்கிப் பாருங்கள், 17.8 செகண்ட். மீதி ஒரு செகண்டு ஆம்பூரிலிருந்து அமெரிக்கா போய்வர.

பிரியாணி மாஸ்டரை ஆம்பூரில் நிறுத்திவிட்டு மளிகையைச் சென்னையில் வைத்த கதை இது. உப்புக்கு ஒருமுறை சென்னை போய்வருகிறார். அப்புறம் மிளகாய் விழுதுக்கு. அப்புறம் சீரகச் சம்பாவுக்கு. அடுப்பைப் பெரிதாக்கி என்ன, சாலையை அகலமாக்கி என்ன?

பெங்களூரில் மட்டும் எப்படி வேகமாக ஓடியது? ஒவ்வொரு பையனும் தன் லேப்டாப்பிலேயே புரோகிராமையும் தகவல் கிடங்கின் ஒரு நகலையும் வைத்துக்கொண்டு பார்த்தான். மாஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில் மளிகை. 81 கேள்வி என்ன, 800 கேள்வி கேட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் அது உண்மை.

புரோகிராமையும் கிடங்கையும் மும்பையில் ஒரே இடத்தில் வைத்தார்கள். 81 கேள்வியை மூன்றாகச் சுருக்கினார்கள். பட்டியல் ஒரு செகண்டுக்குள் வந்தது. 2015-ல் மைக்ரோசாஃப்ட் சென்னை உட்பட மூன்று இந்திய ஊர்களிலும், 2016-ல் அமேசான் மும்பையிலும் வாடகை சர்வர் நிலையங்களைத் திறந்துவிட்டன. அதற்கு முன்பு வெளிநாடு போக வேண்டியிருந்தது என்பது நியாயம். இப்போது பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

அதோடு முடியவில்லை. பட்டியலோடு ஷூ படம் ஒவ்வொன்றும் வந்தது. செல்போனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தார்கள். ஒரு படம் 3 எம்.பி., 40 படம் 120 எம்.பி. பாயின் 300 லைனில் மூன்று செகண்டுக்குச் சற்று மேல். ஆனால் 10 எம்.பி.பி.எஸ். கிடைக்கும் மேற்பார்வையாளரின் செல்போனில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல். திரையில் தெரிவது தபால்தலை அளவுப் படம். அந்த அளவுக்குச் சுருக்கினால் ஒன்று 30 கே.பி.யில் முடிந்துவிடும். சுருக்கினார்கள்.

2007-ல், அப்போது யாஹூவில் இருந்த ஸ்டீவ் சவுடர்ஸ் எழுதிய புத்தகத்தில் ஒரு விதி சொன்னார். பயனாளர் காத்திருக்கும் நேரத்தில் 80 முதல் 90 சதவீதம், சர்வர் முதல் பக்கத்தைக் கொடுத்த பிறகு படங்களும் மற்றவையும் வந்து சேர்வதில்தான் போகிறது என்று. நல்ல விதி. ஆனால் ஆம்பூரில் இருந்து பாய் பட்டியலைத் திறந்தபோது அது பொருந்தவில்லை, அவர் நேரம் சர்வருக்குள் போனது. மேற்பார்வையாளரின் செல்போனில் படம்தான் பெரிய பங்கு. ஒரே பக்கம், இரண்டு நோய். நாடி பிடிக்காமல் மருந்து எழுதக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு விஷயம், புகார் சொல்பவரை நம்ப வேண்டும். இந்தத் துறையில் பிரபலமான ஒரு கதை உண்டு. 1990-களில் அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ட்ரே ஹாரிஸிடம் புள்ளியியல் துறைத் தலைவர் ஒருநாள், "500 மைலுக்கு மேல் எங்கள் ஈமெயில் போகமாட்டேன் என்கிறது" என்றார். ஈமெயிலுக்கு மைல் கணக்கா என்று சிரிக்கத் தோன்றும். அவர் சோதித்துப் பார்த்தார். உண்மை! மென்பொருள் பதிப்பு மாறியதில், பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டிருந்தது. அந்த இயந்திரத்தில் அது நடைமுறையில் மூன்று மில்லி செகண்ட். அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் 500 மைலுக்குக் கொஞ்சம் மேல்! துறைத் தலைவர் புள்ளியியல்காரர் என்பதால் வெறுமனே "மெயில் போகலை" என்று சொல்லாமல் எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று கணக்கெடுத்துச் சொன்னார். அந்தக் கணக்குதான் கோளாறைக் காட்டிக்கொடுத்தது.

லைன் மீது தப்பே வராது என்று நான் சொல்லவில்லை. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா முழுக்க இணையம் தவழ்ந்தது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைத் தாக்கிய பிறகும் நாம் அவதிப்பட்டோம். ஆனால் அப்போதெல்லாம் எல்லாத் தளமும் மெதுவாகும், எல்லார் வீட்டிலும் மெதுவாகும். மற்றதெல்லாம் ஓடும்போது ஒரு தளம் மட்டும் நின்றால் லைனைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நம் வீட்டுக்குள்ளும் கோளாறு இருக்கலாம். ரவுட்டரைப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

"சோதனை சர்வர்தானே, உண்மையான சர்வருக்குப் போனால் சரியாகிவிடும்" என்று இளைஞர்கள் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். சாம்பிள் ஷூவில் தையல் கோணலாக இருந்தால் "சாம்பிள்தானே" என்று எந்த பையரும் விட்டதில்லை. 81 கேள்வி கேட்கும் புரோகிராம் எந்த சர்வருக்குப் போனாலும் 81 கேள்விதான் கேட்கும். 40 ஆர்டர் 400 ஆகும் நாளில் கிடங்கு பக்கத்தில் இருந்தாலும் திணறும். தூரத்து சோதனை சர்வர் இந்தத் தப்பைப் பெரிதாக்கிக் காட்டியது. அது செய்த உதவியைப் புரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டி மறைக்கப் பார்த்தார்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. யூடியூபில் பொறியாளராக இருந்த கிறிஸ் ஜக்காரியாஸ் 2012-ல் எழுதியது அது. அப்போது யூடியூபின் வீடியோ பக்கம் 1.2 எம்.பி. அளவு இருந்தது. அவர் அதை 100 கே.பி.க்குள் சுருக்கி ஒரு பகுதியினருக்கு வெளியிட்டார். சராசரி நேரம் குறையும் என்று எதிர்பார்த்தால் கூடிவிட்டது! காரணம் என்னவென்று பார்த்தால், தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள். பழைய பக்கம் திறக்க அவர்களுக்கு 20 நிமிடம் ஆகும். அதனால் வந்ததே இல்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்தது. வந்தார்கள், பார்த்தார்கள். அதுவரை கம்பெனியின் கணக்கில் அவர்கள் இல்லவே இல்லை.

நம் பக்கத்து நிலைமை இதுதான். பாதியில் மூடிவிட்டுப் போனவரை எந்தக் கணக்கும் எண்ணுவதில்லை. செய்தவர்களின் திரையில் "எல்லாம் நல்லபடி" என்றுதான் காட்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தபோது பென்ஷன்காரர்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று எல்லாரும் மகிழ்ந்தோம். திட்டம் நல்லதுதான். ஆனால் டேனரியில் முப்பது வருடம் உழைத்து, கைரேகை தேய்ந்து, மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ பி.எஃப். பென்ஷன் வாங்குகிற ஒருவர், எந்தச் சேவைக்காக வந்திருந்தாலும், ஓ.டி.பி. வந்து பக்கம் திறப்பதற்குள் நேரம் காலாவதியாகி நாளைக்கு வரச்சொல்லப்பட்டால், அவரோடு துணைக்கு வந்த மகளின் ஒருநாள் கூலியும் போகிறது. அந்தக் கூலியை யார் கணக்கிலும் எழுதுவதில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இணையப் பக்கம் செய்யக் கொடுக்கும் முதலாளிகளே, பணத்தைக் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: ஆம்பூரில், ஒரு சாதாரண செல்போனில், சாதாரண சிக்னலில், பக்கம் இத்தனை செகண்டுக்குள் திறக்க வேண்டும். வேகமான லைன் வாங்கும் முன் நேரம் எங்கே போகிறது என்ற கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்டாதவருக்கு அடுத்த தவணை கொடுக்காதீர்கள்.

பக்கம் செய்யும் பிள்ளைகளே, பிருந்தாவனோ லால்பாகோ பிடித்து ஒருநாள் இங்கே வாருங்கள். உங்கள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, ஒரு மேற்பார்வையாளரின் போனை வாங்கி, நீங்கள் செய்ததைத் திறந்து பாருங்கள்.

நம்மைப் போன்ற வயதானவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "ஒண்ணுமே வரலைப்பா" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எத்தனை செகண்ட், வேறு தளம் அப்போது திறந்ததா என்று ஒரு சீட்டில் குறித்துக் கொடுப்போம். கையில் கடிகாரம் இருக்கிறது, நேரமும் நம்மிடம் இருக்கிறது. செகண்டுக் கணக்கோடு எழுதிய புகாரை நெட் ஸ்லோ என்று சொல்லி அவ்வளவு லேசாக அனுப்பிவிட முடியாது.